ஓயாமல் ஓடும் கழிவறைத் தொட்டி: கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள், சரிசெய்ய மூன்று வெள்ளி

ஃப்ளஷ் செய்து பத்து நிமிடங்கள் ஆன பிறகும் உங்கள் வீட்டுக் கழிவறைத் தொட்டியிலிருந்து ‘உஸ்ஸ்’ என்ற ஓசை வருகிறதா? யாரும் உள்ளே போகாத நேரத்தில், நள்ளிரவில் திடீரென்று தொட்டி நிரம்பும் சத்தம் கேட்கிறதா? பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தொட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு ரப்பர் வளையமோ மிதவையோ தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் அழுத்தம், நெம்புகோல், மிதப்பு விசை பற்றி எல்லாரும் படித்திருக்கிறோம். அந்த மூன்றும் சேர்ந்து வேலை செய்யும் கருவி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதன் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகம் படிக்கும் மாணவி. பொறியியலுக்கும் எனக்கும் தொடர்பில்லை. என்னை அந்த மூடியைத் திறக்க வைத்தது பாட்டியின் வாளி.

பாட்டியின் வாளி

பயிற்சிப் பணிக்காகச் சென்ற ஆண்டு சில மாதங்கள் ஈசூனில் தாத்தா பாட்டியின் நான்கறை வீட்டில் தங்கினேன். போன முதல் நாளே பாட்டி ஒரு விதியைச் சொன்னார். இரவு பத்து மணிக்குமேல் ஃப்ளஷ் பொத்தானை அழுத்தக்கூடாது. வாளியில் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

“ராத்திரி பூரா தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும்மா. அதான் கீழ இருக்கிற திருகை மூடிட்டுப் படுக்கிறேன்,” என்றார்.

மூட்டுவலி உள்ள 72 வயது பாட்டி தினமும் இரவில் குனிந்து சுவரோரமாக உள்ள அந்தத் திருகை மூடுவார், காலையில் மறுபடி குனிந்து திறப்பார். இடையில் தாத்தா எழுந்தால் ஈரத்தரையில் நின்று வாளியைத் தூக்கி ஊற்ற வேண்டும். பல மாதங்களாக இப்படித்தான் நடந்துவந்தது. பிள்ளைகளிடம் இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “இதுக்கெல்லாமா உங்களைத் தொந்தரவு பண்ணுறது?” என்பது தாத்தாவின் பதில்.

தாத்தா ஒருமுறை பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்திருக்கிறார். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தொட்டி பழையது, முழுவதையும் மாற்றுவதுதான் நல்லது, 280 வெள்ளி ஆகும் என்று சொல்லியிருக்கிறார். புதிதாக மாற்றிவிட்டால் மறுபடியும் அழைப்பு வராது என்பது அவர் கணக்கு. தாத்தாவின் கணக்கு வேறு. “பிறகு பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார். தண்ணீர்க் கட்டணம் கூடியது அவருக்குத் தெரியும். ஆனால் அரசாங்கத்தின் யு-சேவ் தள்ளுபடி கட்டணத்தில் கழிந்துவிடுவதால் கையிலிருந்து போவது பெரிதாகத் தெரியவில்லை.

பாட்டி வாளியை நம்புவதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. 1963 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய பத்து மாதங்களுக்கு, மழையின்மையால் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு நடப்பில் இருந்தது. அப்போது பாட்டி பத்து வயதுச் சிறுமி. பொதுக்குழாயில் வரிசை பிடித்து வாளியில் தண்ணீர் சுமந்த பழக்கம் அவருக்கு. தண்ணீர் வீணாகும் சத்தம் கேட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?

எவ்வளவு வீணாகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வாசலுக்கு வெளியே உள்ள தண்ணீர் மீட்டரே சொல்லிவிடும். பழைய வகை மீட்டரில் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். சிவப்பு எண்களும் சிறு முள்களும் அதற்குக் குறைந்த அளவைக் காட்டும். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்.

ஒரு நாள் இரவு மட்டும் திருகை மூட வேண்டாம் என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டேன். இரவு பதினொரு மணிக்கு மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். காலை ஆறு மணிக்கு யாரும் குழாயைத் திறக்குமுன் இன்னொரு படம். ஏழு மணி நேரத்தில் 63 லிட்டர் போயிருந்தது. அதாவது மணிக்கு 9 லிட்டர், நாளைக்கு 216 லிட்டர்.

சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குப் பயன்படுத்தும் தண்ணீர் ஏறக்குறைய 140 லிட்டர். 2030க்குள் அதை 130 லிட்டராகக் குறைப்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு. நாள் முழுவதும் திறந்து வைத்திருந்தால், அந்தத் தொட்டி ஒன்றரை ஆள் பயன்படுத்தும் தண்ணீரைக் குடித்திருக்கும்!

பணமாகப் பார்ப்போம். 30 நாளுக்கு 6,480 லிட்டர், அதாவது ஏறக்குறைய 6.5 கன மீட்டர். 2025 ஏப்ரல் 1 முதல், மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு கன மீட்டர் தண்ணீரின் மொத்த விலை 3.24 வெள்ளி. பொருள் சேவை வரி நீங்கலாக மாதம் ஏறக்குறைய 21 வெள்ளி. ஆண்டுக்கு 250 வெள்ளிக்குமேல். அந்த விலையில் தண்ணீர்ச் சேமிப்பு வரியும், கழிவுநீரைச் சுத்திகரிப்பதற்கான கட்டணமும் அடங்கும். யாரும் பயன்படுத்தாமல் கசிந்து போகும் நல்ல தண்ணீருக்கும் இவை அனைத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

தொட்டிக்கு இரண்டே வழிகள்

மூடியைத் திறந்தால் குழாய்களும் பிளாஸ்டிக் பாகங்களுமாகக் குழப்பமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். தண்ணீர் உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. பழுது இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.

உள்வழியில் இருப்பது மிதவையுடன் கூடிய வால்வு. தண்ணீர் ஏற ஏற மிதவையும் மேலே ஏறும். குறிப்பிட்ட உயரம் வந்ததும் அது நெம்புகோல்போல் வால்வை அழுத்தி மூடிவிடும். மிதவையைத் தூக்குவது மிதப்பு விசை. அந்தச் சிறிய விசையைப் பெருக்கி வால்வை மூட வைப்பது அதன் கை.

வெளிவழியில் இருப்பது தொட்டியின் நடுவே நிற்கும் உருளை வடிவ வால்வு. பொத்தானை அழுத்தினால் அது மேலே எழும்பி, தொட்டியின் அடியிலுள்ள துளையைத் திறக்கும். தண்ணீர் கோப்பைக்குள் பாய்ந்ததும் மறுபடி கீழே அமர்ந்து அடைத்துக்கொள்ளும். அதன் அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். தொட்டியில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் அடியில் ஏறக்குறைய 2,000 பாஸ்கல் அழுத்தம் இருக்கும். இந்த அழுத்தம்தான் வாஷரை அழுந்தப் பிடித்து வைக்கிறது. வாஷர் கெட்டுவிட்டாலோ, அதே அழுத்தம்தான் தண்ணீரை இடுக்கு வழியாக வெளியே தள்ளுகிறது.

இன்னொன்றும் உண்டு: நிரம்பி வழியும் குழாய். உள்வழி வால்வு மூடாமல் போனால் தொட்டி பொங்கித் தரையில் கொட்டிவிடாமல், மிஞ்சிய தண்ணீரைக் கோப்பைக்குள் அனுப்பும் பாதுகாப்பு ஏற்பாடு அது. இப்போதைய தொட்டிகளில் அது பெரும்பாலும் நடு உருளையின் ஒரு பகுதியாகவே இருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பழுதும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் கோப்பைக்குள் தண்ணீர் ஓடும், இரண்டிலும் ‘உஸ்ஸ்’ கேட்கும். ஆகவே, கடைக்கு ஓடிப் பாகம் வாங்குமுன் எந்த வழியில் பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று எளிய சோதனைகள்

முதல் சோதனைக்குக் கண் போதும். மூடியைத் திறந்து, நிரம்பி வழியும் குழாயின் விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டிருந்தால் பழுது உள்வழியில். நிறுத்த வேண்டிய நேரத்தில் அது நிறுத்தவில்லை.

இரண்டாவதற்கு ஒரு பென்சில் வேண்டும். தண்ணீர் விளிம்புக்குக் கீழே நின்றால், அதன் மட்டத்தைத் தொட்டியின் உட்சுவரில் கோடிட்டுக் குறியுங்கள். சுவரோரத் திருகை வலப்பக்கமாகத் திருகி மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்து, வெளியே தரையும் காய்ந்திருந்தால் பழுது வெளிவழியில். மட்டம் அசையாமல் நின்றால் வெளிவழி நன்றாக இருக்கிறது, உள்வழியைக் கவனியுங்கள்.

மூன்றாவது, நம் சமையலறையிலேயே இருக்கிறது. கேசரிக்குப் போடும் நிறப்பொடியில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றுங்கள். இருபது நிமிடங்கள் யாரும் ஃப்ளஷ் செய்யக்கூடாது. பிறகு கோப்பையைப் பாருங்கள். நிறம் அங்கே வந்திருந்தால், தொட்டித் தண்ணீர் கசிகிறது என்பது உறுதி. கண்ணுக்கே தெரியாத மெல்லிய கசிவையும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

நான் பென்சிலை எடுக்குமுன் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டேன். “ராத்திரி திருகை மூடிட்டுப் படுக்கிறீங்களே, காலையில தொட்டியில தண்ணி இருக்குமா?”

“ஒரு சொட்டுகூட இருக்காது. அதுக்குத்தானே வாளி!” என்றார்.

அதுவே விடை. உள்ளே வரும் வழியை அடைத்த பிறகும் தொட்டி காலியாகிறது என்றால், தண்ணீர் அடித்துளை வழியாகத்தான் போக வேண்டும். பாட்டி பல மாதங்களாக இரவுதோறும் இரண்டாவது சோதனையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். கணினியோ சலவை இயந்திரமோ எது பழுதானாலும், அதைத் தினமும் பயன்படுத்துபவரிடம் முதலில் கேட்பது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

வெளிவழிப் பழுதைச் சரிசெய்ய

திருகை மூடிவிட்டு, ஒருமுறை ஃப்ளஷ் செய்து தொட்டியைக் காலியாக்குங்கள். பீங்கான் மூடி கனமானது, விழுந்தால் உடைந்துவிடும். அதைத் தரையில் துண்டு விரித்து அதன்மீது வையுங்கள். பல தொட்டிகளில் மூடியைத் தூக்குமுன் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டியிருக்கும்.

நடு உருளையை இரு கைகளாலும் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால், பெரும்பாலான வகைகளில் அது கையோடு வந்துவிடும். கருவி எதுவும் தேவையில்லை. வராவிட்டால் வலுக்கட்டாயமாக இழுக்க வேண்டாம். தொட்டியின் உட்புறத்தைப் படம் எடுத்துக்கொண்டு கடையில் காட்டிக் கேளுங்கள்.

உருளையின் அடியில் வாஷர் இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பான பாசியோ மணல் துகளோ ஒட்டியிருந்தால் மென்மையான துணியால் துடைத்தாலே போதும். அது அமரும் பிளாஸ்டிக் விளிம்பையும் மறக்காமல் துடைக்க வேண்டும். வாஷர் இறுகியோ, சுருண்டோ, கையில் கறுப்பு ஒட்டும் அளவுக்கு நைந்தோ போயிருந்தால் மாற்றிவிடுங்கள். தொட்டிக்குள் போடும் குளோரின் மாத்திரைகள் ரப்பரை விரைவில் கெடுத்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

எங்கள் வாஷர் ஒரு பக்கம் சுருண்டிருந்தது. பழையதையே கையில் எடுத்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்கார அங்கிள் அதைத் தன் பெட்டியில் இருந்த வளையங்களுடன் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, விட்டம் சரியாகப் பொருந்திய ஒன்றை எடுத்துத் தந்தார். விலை மூன்று வெள்ளி. அளவை வாயால் சொல்வதைவிடப் பழையதைக் கொண்டுபோவதே மேல். இரண்டு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் கசிவு நிற்காது.

புதிய வாஷரை மாட்டி, உருளையைப் பொருத்தி, திருகை மெதுவாகத் திறந்தேன். தொட்டி நிரம்பியது, ஓசை நின்றது. மறுநாள் காலை மீட்டரைப் பார்த்தோம். முதல் நாள் இரவில் இருந்த எண்ணே இருந்தது.

மூடியை மாட்டும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொத்தானுக்குக் கீழ் உள்ள தண்டு நீளமாக இருந்தால், மூடியின் எடையிலேயே வால்வு சற்று அழுந்தித் திறந்து நிற்கும். மூடி இல்லாதபோது நிற்கும் கசிவு, மூடியதும் தொடங்கினால் காரணம் இந்தத் தண்டுதான். அதைத் திருகிச் சற்றுக் குட்டையாக்கினால் சரியாகிவிடும்.

உள்வழிப் பழுதைச் சரிசெய்ய

தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தால், முதலில் மிதவையைக் கையால் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் வால்வு நன்றாகவே இருக்கிறது; மிதவைதான் தேவைக்குமேல் உயரமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் உள்ள சரிப்படுத்தும் திருகைத் திருப்பி, நிரம்பி வழியும் குழாயின் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்குமாறு செய்யுங்கள். மிதவை தொட்டிச் சுவரில் உரசுகிறதா என்பதையும் பாருங்கள்.

தூக்கிப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் வால்வுக்குள் துகள் சிக்கியிருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம். கட்டடத்தில் குழாய் வேலை நடந்து முடிந்தபின் இப்படி நேர்வதுண்டு. அந்த வால்வு தனியாகவே கடையில் கிடைக்கும். அதற்காக முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டியதில்லை.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

தொட்டிக்குள் இருக்கும் பாகத்தைக் கழற்றி அதே வகைப் பாகத்தைப் பொருத்துவது வரைதான் நம் வேலை. சுவருக்குள் போகும் குழாயைத் தொட வேண்டியிருந்தாலோ, தொட்டியையே கோப்பையிலிருந்து கழற்ற வேண்டியிருந்தாலோ, சுவரோரத் திருகு துருப்பிடித்து அசையாமல் இருந்தாலோ, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரை அழையுங்கள். திருகை வலுக்கட்டாயமாகத் திருப்பி அது உடைந்தால் வீடே குளமாகிவிடும். வீட்டின் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்பதை வேலையைத் தொடங்குமுன் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கோப்பையின் அடிப்பாகத்தைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தாலோ, கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் ஊறினாலோ அது வேறு பிரச்சினை. வீவக வீடுகளில் அத்தகைய கசிவைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீடு, கீழ்வீடு இரண்டின் உரிமையாளர்களுக்கும் உண்டு. அதைத் தள்ளிப்போடாமல் பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

“அதுல போய்க் கையை விடுறதா?”

நான் சட்டைக் கையை மடித்தபோது பாட்டி பதறிவிட்டார். “ஐயே, படிக்கிற பிள்ளை கக்கூஸ் தொட்டியில போய்க் கையை விடுறதா?”

இந்தத் தயக்கம் பல வீடுகளில் உண்டு. கழிவறை என்றாலே அசுத்தம், அங்கே வேலை செய்வது தாழ்வு என்ற எண்ணம் நம் சமூகத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் வீடுகளில் அந்தத் தொட்டிக்குள் வருவது சமையலறைக் குழாயில் வரும் அதே குடிநீர்தான். கழிவு இருப்பது கோப்பையிலும் அதற்குக் கீழேயும், தொட்டியில் அல்ல. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். இதை விளக்கியபின் பாட்டியே கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். மழைநீர்த் தேக்கங்கள், ஜோகூரிலிருந்து வரும் நீர், புதுநீர், சுத்திகரிக்கப்பட்ட கடல்நீர் என நான்கு வழிகளில் சிங்கப்பூர் தண்ணீரைச் சேர்க்கிறது. ஜோகூர் ஆற்றிலிருந்து நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்க வழிசெய்யும் 1962ஆம் ஆண்டு உடன்பாடு 2061ல் முடிவடையும். இன்று உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்களுக்கு அப்போது ஏறக்குறைய ஐம்பது வயது இருக்கும். கடல்நீரைக் குடிநீராக்க நிறைய மின்சாரமும் செலவாகிறது. அப்படி வந்து சேரும் தண்ணீரை, சுருண்டுபோன ஒரு வாஷர் இரவோடு இரவாகச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி

முதியோர் மட்டும் வசிக்கும் வீடுகளில் பழுதுகள் சத்தமில்லாமல் பழக்கமாகிவிடுகின்றன. கதவு சரியாக மூடாவிட்டால் நாற்காலியை முட்டுக் கொடுப்பார்கள். விளக்கு எரியாவிட்டால் அந்த அறைக்குள் இரவில் போக மாட்டார்கள். தொட்டி ஓடினால் வாளியைத் தூக்குவார்கள். “ஏதாவது பழுதா?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு அது பழுதாகத் தெரிவதில்லை, அன்றாட வேலைகளில் ஒன்றாகவே தெரிகிறது. ஆனால் ஈரத்தரையில் ஒருமுறை வழுக்கி விழுந்தால், அதற்கான விலை 21 வெள்ளியோடு நிற்காது.

ஆகவே, அடுத்த முறை தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால என்னென்ன மூடுவீங்க, என்னென்ன எடுத்து வைப்பீங்க?” அந்தப் பட்டியலில் வாளியோ திருகோ வந்தால், ஒரு பென்சிலையும் ஒரு சிட்டிகை நிறப்பொடியையும் எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போய்ப் பாருங்கள். அரை மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும்.